நாணிட நரம்பு

வாருங்கள். ஒரு வழக்கு இருக்கிறது. நீதிபதி இல்லை, வக்கீல் இல்லை, கூண்டும் இல்லை. சாட்சிகள் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் பெண்கள். அவர்களில் பலர் பொய் சொன்னவர்கள். ஒரே கேள்விக்கு ஒரே பொய்யை, ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமல் சொன்னவர்கள். அவர்கள்மீது சினம் கொள்வதற்கு முன், அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது எது என்று பாருங்கள். முகத்தைத் திருப்பாமல் பாருங்கள். முகத்தைத் திருப்பியதில்தான் இந்தக் குற்றமே தொடங்கியது.

சொல்ல வைத்தவள் கொடியவள் அல்லள். நேர்மையானவள். இதிலுள்ள கசப்பே அதுதான்.

கலைச்சொல் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் சன்னலோர மேசை அவளுடையது. கூட வேலை பார்ப்பவர்கள் அவளை அகராதி என்று அழைத்தார்கள். கேட்டாலும் வேர் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். சன்னலைச் சாத்தச் சொன்னால், சன்னல் என்ற சொல்லே போர்த்துக்கீசியக் கப்பலில் வந்திறங்கியது என்று விளக்கிவிட்டுத்தான் சாத்துவாள். அதற்குள் மழை உள்ளே வந்து கோப்புகளைக் குளிப்பாட்டியிருக்கும். ஒரு கப்பல் நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் சரக்குத் தாள்களைப் படித்துப் படித்துப் போர்த்துக்கீசிய மொழியைக் கற்றவள். அலுவலகத்தில் அதை அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு விதி உண்டு. அயல்மொழி அறிவியல் சொல் எதுவானாலும் அதன் ஒலியைக் கடன் வாங்கக் கூடாது. வேரைத் தோண்டி, வேரின் பொருளைத் தமிழில் நட வேண்டும். சொல்லுக்கொரு இளஞ்சிவப்புச் சீட்டு. சீட்டுக்கு மூன்று கையொப்பம். புதிய சொல் முதன்முறையாக எந்தத் தாளில் அச்சேறினாலும், அடைப்புக்குறிக்குள் அதன் வேர்ப்பொருளும் கூடவே ஏற வேண்டும். “வேரை மறைக்கிற சொல், முகத்தை மறைக்கிற திருடன்” என்பார் தலைவர். முப்பது ஆண்டுகளாகச் சொல்லையே உண்டு சொல்லையே உடுத்தவர். அவர் சொன்னால் அந்த மூன்றாம் மாடியில் மறுபேச்சு கிடையாது.

பொது மருத்துவமனைக்குக் கடல் கடந்து ஒரு நரம்பு மருத்துவக் குழு வந்தது. அதன் தலைமை மருத்துவர் ஒரு பெண்; பேசுவது போர்த்துக்கீசியம். இடுப்பெலும்பின் அடியில் ஓடும் ஒரு நரம்பைப் பற்றியதே அவர்கள் வேலை. ஆணிலும் பெண்ணிலும் பிறப்புறுப்புக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் உணர்வூட்டும் நரம்பு அது. பிள்ளைப்பேற்றில் அது நசுங்கலாம். நாள் முழுதும் உட்கார்ந்து செய்யும் வேலையில் நைந்துபோகலாம். கெட்டுப்போனால் நாற்காலி நெருப்பாகிவிடும். குழுவினர் முதலில் இரண்டு வாரம் பெண்களிடம் கேட்டறிவார்கள். நோயாளிகள் இருந்தால் ஓர் ஆண்டு தங்கி மருத்துவம் பார்ப்பார்கள். இல்லையென்றால் வேறு ஊர். அதற்கான முப்பது கேள்விகள் தமிழாக்கத்துக்காக அகராதியின் மேசைக்கு வந்தன.

ஒன்பதாம் கேள்வியில் ஒரு போர்த்துக்கீசியப் பெயரடை நின்றது: புதெந்து. நரம்புக்கும் அதுவே பெயர், நரம்பு சேரும் இடத்துக்கும் அதுவே பெயர். அகராதி இரண்டு நாள் தோண்டினாள். அடியில் இலத்தீன் வினை ஒன்று கிடந்தது. அதன் பொருள் வெட்கப்படுதல். ஆகவே புதெந்து என்றால், வெட்கப்படத்தக்க. அவள் மகிழ்ந்தாள். கிணறு வெட்டியவனுக்கு ஊற்றுக்கண் தெரிந்த மகிழ்ச்சி அது. தண்ணீர் நல்லதா உப்பா என்று அந்த நேரத்தில் எவன் நாக்கில் வைத்துப் பார்க்கிறான்?

நாணிடம் என்று எழுதினாள். நாணிட நரம்பு. இரண்டே சீரில் முத்துப்போல் உட்கார்ந்தது.

தட்டச்சுக்காரி தாளைப் பார்த்துவிட்டுக் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“அகராதி, இதென்னடி இது? ‘உங்கள் நாணிடத்தில் (வெட்கப்பட வேண்டிய இடத்தில்) வலி, எரிச்சல், மரத்துப்போதல் உண்டா?’ எங்கம்மா இதைப் படிச்சாங்கன்னா பேப்பரைக் கவுத்து வெச்சுட்டு எழுந்து போயிடுவாங்க.”

“வேர் அப்படித்தானே இருக்கு? நானா கண்டுபிடிச்சேன்?”

“உக்கார்ற இடம்னு போட்டுத் தொலையேன்.”

“உக்கார்ற இடம்னா நாற்காலின்னு நெனச்சுக்குவாங்க. ‘ஆமாங்க, எங்க வீட்டு நாற்காலி ஆடுது’ம்பாங்க.”

இருவரும் சிரித்தார்கள். தட்டச்சுக்காரி தலையில் அடித்துக்கொண்டு தாளையும் அடித்தாள். மாலையில் தலைவர் சீட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்; மேசையை இரண்டு முறை தட்டினார். “இதுதாம்மா சொல்! நூறு வருஷம் நிக்கும்” என்றார். அன்று அகராதி வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தாள்.

அவளுக்கு ஒரே ஓர் அக்கா. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் பகுதியில் வேலை; ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் இயந்திரத்தின் முன் உட்கார வேண்டும். இரண்டாவது குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்ததிலிருந்து, நான்கு ஆண்டுகளாக, அவளால் நேராக உட்கார முடியவில்லை. ஒரு பக்கத் தொடையில் பாரத்தைப் போட்டு, சாய்ந்த தராசுபோல் உட்கார்ந்து தைப்பாள். சாப்பிடுவது நின்றுகொண்டு. பேருந்தில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டு. கேட்டால் “இடுப்பு” என்பாள். அந்த ஒரு சொல்லில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

காலர்கள் கோணலாக வரத் தொடங்கின. சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்: “ஒண்ணு ஒழுங்கா உக்காந்து தைங்க, இல்ல டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, நின்னு தைக்கிற மெஷின் தர்றேன். மாசக் கடைசி வரைக்கும்தான் டயம். அப்புறம் உங்க இடத்துக்கு ஆள் பார்த்துடுவேன்.”

இதைக் கேட்டதும் அகராதி அக்காவை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். உட்கார முடியாதவர்களுக்கென்றே மருத்துவர்கள் வந்திருக்கும்போது வேறு எங்கே போவது?

நீளமான கூடம். இரண்டு வரிசை பெஞ்சு. மாமியார்கள், நாத்தனார்கள், மருந்துச் சீட்டோடு நிற்கும் ஆண்கள். நர்ஸம்மா ஒரு மேசை போட்டு, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் தானே உரக்கப் படித்து, தானே குறித்துக்கொண்டிருந்தாள். அக்கா மேசைக்கு முன் நின்றாள். அகராதி நான்கடி தள்ளிச் சுவரோரம் நின்றாள்.

“ஒம்பது. உங்க நாணிடத்துல வலி இருக்கா?”

தன் சொல் ஒரு புதிய வாயிலிருந்து வருவதைக் கேட்டு அகராதிக்கு உடல் சிலிர்த்தது. ஆம், பெருமையால்தான். மறைக்க வேண்டியதில்லை.

“அப்படின்னா என்னங்க?” என்றாள் அக்கா.

நர்ஸம்மா அடைப்புக்குறியைப் பார்த்தாள். “வெட்கப்பட வேண்டிய இடம்னு போட்டிருக்கு.”

பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். மருந்துச் சீட்டோடு நின்ற ஒருவர் கூரையில் எதையோ தேடினார்.

“ஐயையோ, அங்கெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. எனக்கு இடுப்புதான்.”

“ஒம்பதுக்கு இல்லைன்னா நேரா பதினாலுக்குப் போகணும். தலைவலி உண்டா?”

பத்து முதல் பதிமூன்று வரையான கேள்விகள் கேட்கப்படவே இல்லை. உட்கார்ந்தால் கூடுகிறதா, நின்றால் குறைகிறதா, கழிப்பறை இருக்கையில் உட்காரும்போது மட்டும் வலி விடுகிறதா என்று அந்த நரம்பையே கையைப் பிடித்து அழைத்துவரும் கேள்விகள் அவை. தமிழாக்கியவள் அகராதியே, அவளுக்கு மனப்பாடம். ஆயினும் அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? ‘நல்ல வேளை, அக்காவுக்கு அது இல்லை’ என்று நினைத்தாள். உடன்பிறந்தவளின் உடலைவிட ஒரு தாளை நம்பினாள்.

இரண்டு வாரம் முடிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு தாள். ஒன்பதாம் கேள்விக்கு நானூற்றுப் பன்னிரண்டு ‘இல்லை’. இந்த ஊரில் அந்த நோயே இல்லை என்று மருத்துவமனை எழுதி அனுப்பியது. தலைவர் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, “பார்த்தீங்களா, சொல் தெளிவா இருந்தா பதிலும் எவ்வளவு தெளிவா வருது” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அகராதி அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவைக் காணோம்.

“உங்க அக்காவா? பாத்ரூம்ல குடித்தனம் பண்றா” என்றார் அக்காவின் கணவர், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “வேலை விட்டு வந்தா அரை மணி நேரம் அங்கதான் சிம்மாசனம். கேட்டா, அங்க உக்காந்தாதான் சுகமா இருக்காம். இனிமே சாப்பாட்டையும் உள்ளயே நீட்டிடலாம்னு இருக்கேன்.”

“மாமா, எத்தனை நாளா இப்படி?”

“அது ஆச்சு மூணு நாலு வருஷம்.”

பன்னிரண்டாம் கேள்வி. நாற்காலியில் உட்காரும்போது அழுந்துகிற அந்த இடம், கழிப்பறை இருக்கையின் நடுப்பள்ளத்தில் அழுந்துவதில்லை. ஆகவே வலி விடும். அகராதி தான் எழுதிய வரியைத் தன் மாமாவின் கேலியில் கேட்டாள். அக்கா முகம் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துப் போனாள்.

“அக்கா, உனக்கு இடுப்பு இல்லை. கீழே. எரியுதா?”

அக்கா படியின் கைப்பிடியைப் பார்த்தாள். “கண்ணாடித் தூள்மேல உக்கார்ற மாதிரி இருக்கும்டி” என்றாள்.

“அன்னிக்கு ஏன் இல்லைன்னே?”

“எப்படிடி சொல்றது? வெட்கப்பட வேண்டிய இடம்னு அச்சடிச்சு வெச்சிருக்கான். அதை ஊர் கேக்கப் படிக்கிறா. அப்புறம் அங்க வலிக்குதான்னு கேட்டா எவ ஆமாம்பா? வலிச்சாலும் தப்பு என்மேலதான்னு அவனே எழுதிட்டானே! எழுதினவன் கையில கட்டி மொளைக்க!”

“நான்தான் எழுதினேன் அக்கா.”

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீயா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “எனக்குத் தெரியாம போச்சே, தெரிஞ்சிருந்தா அப்படிச் சபிச்சிருக்க மாட்டேன்” என்றாள்.

மறுநாள் காலை அகராதி தலைவரின் அறையில் நின்றாள். சொல்லை மாற்ற வேண்டும், கேள்வியை மறுபடி கேட்க வேண்டும் என்றாள்.

“மூணு கையெழுத்து போட்ட சீட்டும்மா. கலைக்களஞ்சியத்துக்கே போயாச்சு. வேர் தப்பா?”

“வேர் சரிதான் ஐயா. அது நரம்போட வேர் இல்லை. பேர் வெச்சவங்களோட வெட்கத்தோட வேர். நுரையீரலைப் பார்த்தாங்க, வெட்கப்படலை. மண்ணீரலைப் பார்த்தாங்க, வெட்கப்படலை. இங்க வந்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, தங்களுக்கு வந்த வெட்கத்தை அந்தச் சதைமேல எழுதிட்டுப் போயிட்டாங்க. நான் அதைக் கழுவித் துடைச்சு, தமிழ்ல பளபளன்னு எழுதிட்டேன்.”

“அறிவியலுக்கு உணர்ச்சி கிடையாதும்மா.”

“அப்ப இந்த வெட்கம் மட்டும் எந்த வழியா உள்ள வந்தது ஐயா?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போடவில்லை. “ஒரு சொல்லுக்கு வளைஞ்சா நாளைக்கு நூறு சொல்லுக்கு வளையணும்” என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

அகராதி அங்கிருந்து நேரே மருத்துவமனைக்கு ஓடினாள். மருத்துவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்; நரம்பு வலிக்கு ஊசி போடும் கருவிகள் முதல் நாளே அடுத்த ஊருக்குப் போய்விட்டன. நடந்ததை அவர் மொழியிலேயே சொன்னாள். மருத்துவர் கட்டிய பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபது ஆண்டுகளாக நாள்தோறும் சொல்லும் சொல், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்றார். அவர் நாட்டில் நோயாளிகளிடம் அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லையாம், படத்தில் விரலை வைத்து, “இங்கேயா?” என்பாராம். படம் தாளோடு சேர்த்து அனுப்பப்பட்டிருந்தது. ‘அச்சிடத் தகாதது’ என்று யாரோ அதை எடுத்துவிட்டிருந்தார்கள்.

மருத்துவர் அன்று மாலையே அக்காவைச் சோதித்தார். பத்து நிமிடம். நோய் அதுவேதான். ஊசி போடக் கருவி இல்லை. தங்க அனுமதியும் இல்லை. நின்று வேலை செய்யவிட வேண்டும் என்று ஒரு சான்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். மறுநாள் குழு ஊரைவிட்டுப் போயிற்று.

அந்தச் சான்று போர்த்துக்கீசியத்தில் இருந்தது. தொழிற்சாலை தமிழில் கேட்டது. அதுவும் கலைச்சொல் அலுவலக முத்திரையோடு. அகராதி ‘இருக்கை நரம்பு’ என்று எழுதி நீட்டினாள். முத்திரைக்காரர் சீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஒப்புதல் பெற்ற சொல் ஒன்று இருக்கும்போது வேறு சொல்லுக்கு முத்திரை விழாது. முதல்முறை அந்தத் தொழிற்சாலைக்குப் போகும் தாள் என்பதால் அடைப்புக்குறியும் கட்டாயம்.

ஒப்புதல் சொல்லோடு தட்டச்சுக்காரிதான் அடித்துக் கொடுத்தாள். இரண்டு தாளையும் அகராதி அக்காவிடம் கொண்டுபோனாள்: ‘இருக்கை நரம்பு’ என்ற முத்திரை இல்லாதது ஒன்று, ‘நாணிட நரம்பு’ என்ற முத்திரை உள்ளது ஒன்று.

அக்கா முத்திரைத் தாளைப் படித்தாள். “இதை சூப்பர்வைசர் வாசிப்பான். அப்புறம் ஆபீஸ் பலகையில ஒட்டுவான், மெஷின் மாத்தினதுக்குக் காரணம்னு. நானூறு பேரு சாப்பாட்டு நேரத்துல அதுக்கு முன்னாலதான் நிப்பாங்க. அதுல என் நம்பர் இருக்கும், பக்கத்துல இது இருக்கும்.”

“நீ ஒண்ணும் தப்பு பண்ணலையே அக்கா.”

“அதை அந்தத் தாள்ல எழுதலையேடி.”

அவள் முத்திரை இல்லாத தாளைக் கொடுத்துப் பார்த்தாள். சூப்பர்வைசர் திருப்பி நீட்டினான். முப்பதாம் தேதி, பன்னிரண்டு ஆண்டுகள் காலர் தைத்த கை, கத்தரிக்கோலையும் விரலுறையையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தது. கணவரிடம் அவள் சொன்ன காரணம், “இடுப்பு”.

திங்கட்கிழமை அகராதி அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் கொடுத்தாள். ஒரு பள்ளி நோட்டோடு மருத்துவமனையின் பெண்கள் வாயிலுக்குப் பக்கத்தில் நின்றாள். தாள் இல்லை, முத்திரை இல்லை. வருகிறவளை ஓரமாக அழைத்துத் தணிந்த குரலில், “அக்கா, உக்காந்தா வலிக்குதா? கீழ, காலு ரெண்டும் சேர்ற இடத்துல?” என்று கேட்டாள். தன் அக்காவுக்கும் அப்படி என்று சொன்னாள். ஒருத்தி முறைத்துவிட்டுப் போனாள். ஒருத்தி, “உனக்கெதுக்கு?” என்றாள், பத்தடி போய் நின்று, திரும்பி வந்தாள். ஒரு பேருந்து நடத்துநரின் மனைவி, “இப்படிக் கேக்க ஒருத்திக்குத் தோணுச்சே” என்று சொல்லி அழுதாள். நான்கு நாளில் நூற்று அறுபது பேரிடம் கேட்டாள். முப்பத்தெட்டுப் பேர் ஆமாம் என்றார்கள். அவர்களில் இருபத்திரண்டு பேர் நர்ஸம்மாவின் மேசையில் இல்லை என்று சொன்னவர்கள்.

இப்போது அவள் கையில் முப்பத்தெட்டுப் பெண்களின் பட்டியல் இருக்கிறது. பார்க்க மருத்துவர் இல்லை. அந்தச் சொல் இன்னும் பெட்டியில் இருக்கிறது, மூன்று கையொப்பத்தோடு, நூறு ஆண்டு நிற்கப்போகும் தெம்போடு. அவள் அக்கா இப்போது வீட்டிலிருந்தே பொத்தான் தைக்கிறாள், அடுக்களை மேடையில் சாய்ந்து, நின்றபடி.

கேட்டீர்கள் அல்லவா? பரிதாபப்பட்டுக் கலைந்துவிடாதீர்கள், பரிதாபம் யாருக்கும் ஊசி போடாது. உங்கள் ஊர் மருத்துவமனையின் கேள்வித் தாளைக் கேட்டு வாங்குங்கள். உடலின் எந்த உறுப்புக்கேனும் வெட்கம் என்று பெயரிட்டிருந்தால், பேனாவை எடுத்து, அங்கேயே, அவர்கள் கண்ணெதிரில் அடியுங்கள். அடித்த இடத்தில் உங்கள் அம்மா சொல்லும் சொல்லை எழுதுங்கள். படத்தை ஒட்டச் சொல்லுங்கள்; தனியறையில் கேட்கச் சொல்லுங்கள். ‘இங்கே அந்த நோய் இல்லை’ என்று எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்று, மருத்துவர்களை மீண்டும் அழைக்கச் சொல்லி எழுதுங்கள். ஒருவர் எழுதினால் குப்பைக்கூடை, ஓராயிரம் பேர் எழுதினால் கோப்பு. அதற்கும் முன்னால், இன்றைக்கே, உங்கள் வீட்டில் நின்றுகொண்டே சாப்பிடுகிறவளிடம் போய் ஏன் என்று கேளுங்கள். அவள் “இடுப்பு” என்றால் நகராதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள்.